தங்கத்தாள் சுற்றிய மிட்டாய்

வெளிநாட்டு சாக்லேட்டின் அடிப்பக்கம் ஏன் பிசுபிசுவென்று ஒட்டுகிறது? கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த நாளிலிருந்து எனக்கு இந்தக் கேள்வி உண்டு. எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் துபாய், ஜித்தா, தோஹா என்று இருப்பவர்கள். யார் ஊருக்கு வந்தாலும் மறுநாளே எல்லா வீட்டுக்கும் சாக்லேட் போய்விடும். எங்கள் வீட்டுக்கும் வரும். சில பொட்டலங்கள் வழவழவென்று இருக்கும். சிலவற்றில், அதிலும் நூருன்னிசா மாமி வீட்டிலிருந்து வருவதில், பின்பக்கம் ஒரு சின்னச் சதுரத்தில் மட்டும் விரல் ஒட்டும். என் வீட்டுக்காரர் லிங்கேஸ்வரனிடம் கேட்டால், "கப்பல்ல வருதுல்லா, உப்புக்காத்து" என்பார். விமானத்தில் வருவதற்கு ஏது கப்பல் காற்று என்று கேட்டால், "தின்னுட்டுப் பேசாம இரு" என்பார். ஒன்று தெரியவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. அவருக்கு எது தெரியாவிட்டாலும் நன்றாகத் தூக்கம் வரும்.

அப்படிப்பட்ட என் சமையலறை வாசலில்தான் பக்கத்து வீட்டு ஜுஹைனா ஒரு பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள். குற்றாலத்துச் சாரல் தெருவரைக்கும் வந்து நசநசத்துக்கொண்டிருந்த மதியம்.

"அக்கா, உங்க அடுப்பும் ஃப்ரிட்ஜும் எனக்கு வேணும். எங்க வீட்டுல முடியாது. அவுக பாத்துருவாவ."

பையைப் பிடுங்கிப் பார்த்தேன். டீக்கு முக்கும் பிஸ்கட், வெண்ணெய், டின் பால், கேக் சாமான் விற்கும் கடையில் வாங்கிய சமையல் சாக்லேட் கட்டி. அடியில் சுருட்டி வைத்த தங்க நிறத் தாள்.

"என்னட்டி இது? யாருக்குப் பிறந்தநாள்?"

அவள் அழுதுவிட்டாள்.

அவள் புருஷன் இத்ரீஸ் ஷார்ஜாவிலிருந்து வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. வந்த அன்று ஆட்டோவிலிருந்து ஒரே ஒரு தோள்பை இறங்கியதை நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். கயிறு கட்டி, கொட்டை எழுத்தில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டி வரவில்லை. அன்றைக்கே எனக்கு என்னவோ பட்டது. ஆனாலும் போய்க் கேட்கவில்லை. என் வாயை நான் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிவைத்தேன் என்று யாருக்குத் தெரியும்?

"கம்பெனியை மூடிட்டாவக்கா. உடுத்துன துணியோட அனுப்பிட்டாவ. வந்ததுல இருந்து வெளிய எறங்க மாட்டேங்காவ. மிட்டாய் இல்லாம எந்த வீட்டுக்குன்னு போவேன்னு கேக்காவ. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக்கூடப் போகல. வீட்டுலயே தொழுதுட்டுச் சுவரைப் பாத்து உக்காந்திருக்காவ."

எங்கள் தெருவைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். வெளிநாட்டிலிருந்து வந்தவனைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்வி: எப்ப வந்தே, எப்பப் போறே. முதல் கேள்விக்குப் பதில் சாக்லேட். இரண்டாவதற்குப் பதில் ஒரு தேதி. இத்ரீஸிடம் இரண்டும் இல்லை.

"அவுக வாசப்படி தாண்டணும். அது போதும் எனக்கு. கையில ஒரு டப்பாவைக் குடுத்துட்டா தாண்டிருவாவ. அதான் ஃபோன்ல பாத்தேன், ஓவன் அடுப்பு இல்லாமலே மூணு அடுக்கா ஒண்ணு செய்யுதாவ. அடியில பிஸ்கட்டு, நடுவுல கேரமல், மேல சாக்லேட்டு. தங்கத்தாள் சுத்துனா அங்கத்த மிட்டாய் மாதிரியே இருக்கும்."

எனக்குப் பரிதாபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுப்பில் சுடாமல் பிஸ்கட் எப்படித் துண்டு போடும்படி நிற்கும்? கேரமல் ஏன் சாக்லேட்டோடு கலந்துவிடாது? கேட்டபிறகு அந்தப் பையை நான் திருப்பிக் கொடுப்பேனா?

அன்று செய்தது அப்படியே பாழ். சர்க்கரையைக் காய்ச்சிக் கேரமல் எடுக்கிறேன் என்று ஜுஹைனா வாணலியைக் கருக்கினாள். சாக்லேட்டைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தில் வைத்து உருக்கும்போது, சாரல் காற்றில் ஆறிவிடுமே என்று நான் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினேன். தட்டில் வேர்த்த தண்ணீர் சொட்டி, பளபளவென்று இருந்த சாக்லேட் திரிதிரியாக உருண்டுவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீருக்கு இவ்வளவு கோபமா என்று நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜுஹைனா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "எழுந்திரு. நாளைக்கு வேற கட்டி வாங்கிட்டு வா" என்று அதட்டி அனுப்பினேன்.

மறுநாள் வியாழக்கிழமை. சர்க்கரையே வேண்டாம் என்று நான் சொன்னேன். எங்கள் வீட்டில் அதிரசத்துக்குப் பாகு வைப்பது நான். கருப்பட்டி என்றால் எந்தப் பதத்தில் நிற்கும் என்று என் கைக்குத் தெரியும். கருப்பட்டி டின்னைத் திறந்து கைக்கு வந்த வட்டுகளை உடைத்துப் போட்டேன். கொதித்ததும் மண் போக வடிகட்டி, வெண்ணெயும் டின் பாலும் ஊற்றிக் கிண்டத் தொடங்கினேன். சாரல் தொடங்கியதிலிருந்தே எனக்கு மூக்கடைப்பு. ஒரு வாசமும் தெரியவில்லை.

"என்னமோ காரமா வாசம் வருதே அக்கா?"

"கருப்பட்டின்னா வாசம் வரத்தான் செய்யும். நீ அங்கன பிஸ்கட்டைப் பாரு."

அவள் பிஸ்கட்டைத் துணிப்பையில் போட்டுப் பூரிக்கட்டையால் தட்டி மாவாக்கி, உருக்கிய வெண்ணெய் விட்டுப் பிசறித் தட்டில் பரப்பினாள். டம்ளரின் அடிப்பக்கத்தால் அழுத்த அழுத்த அந்தப் பொடி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டது. வெண்ணெய் குளிர்ந்து இறுகும்போது தூளையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. சுடாமலே நிற்பதன் ரகசியம் அவ்வளவுதான். எனக்கு ஒரே சந்தோஷம்.

கேரமல் வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் அதன்மேல் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தோம். அது நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் சாக்லேட். சூட்டோடு ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும் என்று ஜுஹைனா சொன்னாள். இந்தமுறை கிண்ணத்தை மூடவில்லை. வெட்டும்போது மேலடுக்கு நொறுங்காமல் இருக்க ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டாள். ஊற்றித் தட்டைச் சாய்த்ததும் சாக்லேட் தானாக ஓடி மூலை முடுக்கெல்லாம் நிரம்பியது.

சாயங்காலம் ஐந்தருவிக்குச் சுற்றுலாக்காரர்களை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு நனைந்துகொண்டு வந்த லிங்கேஸ்வரன், தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர் ஒரு மூலையை வெட்டி வாயில் போட்டுவிட்டார். நான் பேயாய்க் கத்தினேன்.

"ஒரு துண்டுக்கு ஏன் இந்தக் கத்து கத்துதே? நல்லாத்தான இருக்கு. தொண்டைக்கு எதமா இருக்கே" என்றார்.

சாக்லேட் எதற்குத் தொண்டைக்கு இதமாக இருக்க வேண்டும்? வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருப்பேன். அன்று மூலை போன கோபத்தில் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் தங்கத்தாளில் சுற்றி டப்பாவில் அடுக்கினோம். ஜுஹைனா அதை இத்ரீஸ் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். நானும் கூடவே போனேன். யாரும் கூப்பிடவில்லை. அவன் ஒன்றை எடுத்துத் தாளைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கவாட்டில் மூன்று அடுக்கும் கோடு போட்டதுபோலத் தெரிந்தது.

"நீயா செஞ்சே?"

"ம்."

"அங்க கடையில இருக்க மாதிரியே இருக்கு" என்றான். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். ஜுஹைனா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

டப்பா முதலில் போகவேண்டிய வீடு நூருன்னிசா மாமி வீடு. மாமி, இத்ரீஸின் வாப்பா யாக்கூபுக்கு அக்கா. அவர் வாய்க்குத் தெருவே பயப்படும். மூன்று பேரும் போனோம்.

"வாலே. எப்ப வந்தே? ஆளையே காணோம்?"

"ஜுரம் மாமி. படுத்துட்டேன். இந்தாங்க, அங்க இருந்து கொண்டுவந்தது."

மாமி தாளைப் பிரித்து ஒரு கடி கடித்தார். மென்றார். மெல்லுவது நின்றது. துண்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏம்லே, ஷார்ஜாவுல இப்ப சுக்குக் கருப்பட்டி காய்ச்சுதாவளா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் டின்னில் இரண்டு வகை உண்டு. ஒன்று பாகுக்கு. இன்னொன்று சளி பிடித்தால் காப்பி போடுவதற்கு, சுக்கும் மிளகும் தட்டிப்போட்டது. என் அடைத்த மூக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

"அரபிக்காரங்களும் இப்ப இஞ்சிச் சரக்கெல்லாம் விரும்பித் திங்காவளாம் மாமி" என்று அளந்துவிட்டேன்.

மாமி என் பக்கம் திரும்பவே இல்லை. இத்ரீஸையே பார்த்தார். அவன் தலை குனிந்தது. எழுந்து ஓடிவிடுவான், இனி அந்த வாசலை யாராலும் தாண்டவைக்க முடியாது என்று நான் நினைத்தேன். ஜுஹைனாவும் அதையேதான் நினைத்திருப்பாள்.

"இல்ல மாமி" என்றான் அவன். "வேலை போயிட்டு. கம்பெனியை மூடிட்டாவ. இது ஜுஹைனா செஞ்சது."

மாமி மிச்சத் துண்டை வாயில் போட்டு நிதானமாக மென்று முடித்தார். பிறகு தங்கத்தாளை எடுத்து மடியில் விரித்து, பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"ஒட்டலையே" என்றார்.

"என்னது மாமி?" என்றேன் நான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நம்ம வீட்டு மிட்டாய் ஒட்டும்லா. உங்க மாமா ஜித்தாவுல இருந்து வந்தப்பல்லாம் அள்ளிட்டு வந்தாவன்னா நெனச்சிய? பாதித் தடவை வெறுங்கைதான். பஸ்ஸை விட்டு எறங்குனதும் நம்ம கடைவீதியிலேயே வாங்கிட்டு வந்துருவாவ. ரூவா போட்ட வெலைச்சீட்டு ஒட்டியிருக்கும். நான்தான் விடிய முன்ன உக்காந்து நகத்தால சொரண்டுவேன். சீட்டு போயிரும். பசை போவாது." தாளை நான்காக மடித்தார். "ஒருத்தராவது கேப்பாவளோன்னு ஒவ்வொரு தடவையும் பயந்து செத்தேன். ஒருத்தரும் கேக்கல."

இத்தனை வருடமாகத் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் உட்கார்ந்து சுரண்டிய இடத்தில்தான் நான் விரலை வைத்து வைத்துப் பார்த்திருக்கிறேன்.

இத்ரீஸ் குனிந்த தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். பிறகு அவன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தங்கத்தாளைப் பிரித்தான். தாள்களை மாமியின் பக்கத்தில் குவித்துவிட்டு, டப்பாவோடு எழுந்தான். மழையில் செருப்பைத் தேடி மாட்டினான். ஜுஹைனா பதறிப்போய்ப் பின்னாலேயே எழுந்தாள். மாமி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"அவன் போவட்டும். நீ இதைச் சொல்லுட்டி. அடியில இந்தப் பிஸ்கட்டுத் தூளு உதிராம எப்படி நிக்குது?"

"வெண்ணெய் மாமி. குளுந்ததும் அதுவே புடிச்சுக்கும்" என்றாள் ஜுஹைனா. வாய்தான் சொன்னது. காது வாசலில் இருந்தது. என் காதும் அங்கேதான்.

அடுத்த வீட்டுக் கதவு திறக்கும் சத்தம். பெரியவர் ஒருவரின் குரல்.

"அட, இத்ரீசா! எப்பப்பா வந்தே? எப்பப் போறே?"

ஜுஹைனா வாசல் பக்கம் திரும்பினாள்.

"போகல சாச்சா. இனி இங்கனதான் இருக்கேன்" என்றான் அவன். "என் பொண்டாட்டி செஞ்சது. தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க, உள்ள என்ன போட்டிருக்குன்னு."