பெயர் தெரிந்தவள்

...இல்லை, எழுதியது இவள்தான், அதில் சந்தேகமே இல்லை, பிடரியில் மயிரைப் பிரித்துச் சாயம் தடவும்போது என் விரல் கழுத்து நரம்பில் படுகிறது, துடிப்பு கொஞ்சம் வேகம்தான், ஆனால் கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் ஒரு சலனம் இல்லை, மதாம் ஸக்கியா, காபஸ் சாலையில் ஆலிவ் செக்கு வைத்திருக்கும் ஹாஜி முன்ஸெஃப்பின் மனைவி, இன்று சாயங்காலம் கொழுந்தன் வீட்டுக் கல்யாணம், அதற்காகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள், பழுப்பு நிறம், அதிகம் சிவக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள்... எத்தனை வருஷமாக இந்தத் தலையைத் தொடுகிறேன், வலது காதுக்குப் பின்னால் இருக்கும் தழும்புகூடத் தெரியும், ஆனால் இந்தத் தலைக்குள் இப்படி ஒரு கேள்வி இருந்தது தெரியாமல் போயிற்றே. பக்கத்து நாற்காலியில் மயிர் உலர்த்தும் சூட்டுத் தொப்பிக்கு அடியில் கமீலா, மருந்துக்கடைக்காரி, காது பாதி அடைத்திருப்பதால் ஊருக்கே கேட்கும்படி பேசுகிறாள், "இதைக் கேளுங்க மதாம், நம்ம 'ஸ்பாக்ஸ் பெண்கள் கேட்கிறார்கள்' குழுவுல மூணு நாளா இதே பேச்சுதான், பேர் போடாம எவளோ எழுதியிருக்கா," என்று போனைத் தூரப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டாள், எனக்குக் கையில் பிரஷ் நின்றுவிட்டது. 'எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கணவர் என்னை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, இன்னொருத்தியைத் தேடிப் போனதுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. உப்புப் போதுமா என்றுகூட நான்தான் கேட்கிறேன், அவர் தலையை ஆட்டுகிறார். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டார்கள். நான் இந்த வீட்டைவிட்டுப் போனால் தப்பா?'

"வீட்டுச் சோறு செரிக்கலைன்னா இப்படித்தான் எழுதத் தோணும்," என்றாள் மதாம் ஸக்கியா. எவ்வளவு இயல்பாகச் சொன்னாள், குரல் பிசிறவில்லை, தான் பெற்ற பிள்ளையைத் தானே யாரோ என்று சொல்கிற மாதிரி... நான் குனிந்து கிண்ணத்தில் சாயத்தைக் கலக்கினேன், கலக்க வேண்டிய தேவையே இல்லை. என் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ? காட்டாது. இந்தக் கடையில் கேட்டதெல்லாம் நான் வெளியே சொல்லியிருந்தால் பாதி ஸ்பாக்ஸ் மறுபாதியோடு பேசிக்கொண்டிருக்காது. பெயர் போடாமல் எழுதுகிறவர்கள் யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறார்கள், அல்லது அட்மினுக்கு மட்டும் தெரியும், அட்மின் யாரோ முன்பின் தெரியாத 'உம் யாசீன்', போனால் போகட்டும் என்று நினைக்கிறார்கள். அந்த உம் யாசீன் நான்தான். யாசீனின் அம்மா ரவ்தா, கிரெம்தா சாலைச் சலூன்காரி, பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டவள். அன்றைக்கு மதியம் மத்தி மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன், போன் சிணுங்கியது, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அனுமதிக்குக் காத்திருக்கும் ஒரு பதிவு, மேலே எனக்கு மட்டும் தெரிகிற எழுத்தில் பெயர்... படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், பூனை வந்து மீனை இழுத்துக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை. அனுமதித்தேன். பயமாக இருந்தது, ஆனால் பெருமையாகவும் இருந்தது, ஊரில் வேறு யார் வாசலில் போய்க் கேட்பாள் இதை? கேட்க ஓர் இடம் இருக்கிறது, அந்த இடத்தை உண்டாக்கியவள் நான்.

என் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தபோது எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி என்று வாய்விட்டுக் கேட்கக்கூட ஓர் ஆளில்லாமல் திண்டாடியபோது தொடங்கிய குழு, நானும் யாசீனின் டீச்சர் துர்ஸாஃபும் சேர்ந்து, அவளுக்கு எழுத்து நன்றாக வரும், எனக்கு மனுஷர்கள் நன்றாகத் தெரியும். விதிகளை இதே கடையில் உட்கார்ந்து, மல்லாவி ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே எழுதினோம், ஆளைத் திட்டக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, படம் போடக் கூடாது, மற்றபடி எது வேண்டுமானாலும் சொல்லலாம், எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு வரிகூட அழிக்கப்படாது. அந்தக் கடைசி வரி என்னுடையது, துர்ஸாஃப் கூட வேண்டாம் என்றாள், நான் விடவில்லை. இந்த மூன்று நாளும் அதைக் காப்பாற்றியிருக்கிறேன், 'இது கொழுப்பு' என்று எழுதியவளை விட்டுவைத்தேன், அது அவள் கருத்து, 'குர்ஆனை எடுத்து ஓதும்மா, மனசு அடங்கும்' என்றவளையும் விட்டுவைத்தேன், 'என் புருஷன் ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேக்கறான், செருப்பு எங்கே, சாவி எங்கேன்னு, வேணும்னா ஆளை மாத்திக்கலாமா' என்றவளைப் படித்து நடுச் சந்தையில் நின்று சிரித்தேன். 'இது இன்னார் வீடாக இருக்குமோ' என்று ஊகம் செய்ய வந்தவர்களை மட்டும் தள்ளிவிட்டேன். யாரோ கும்பலாகக் குழுவின் மேல் புகார் கொடுக்கத் தொடங்கியதும், ஒவ்வொரு கமெண்டும் என் கையைத் தாண்டித்தான் உள்ளே போகிற மாதிரி மாற்றி வைத்தேன், அதனால்தான் போன் ஏப்ரன் பையில் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது, தொடையெல்லாம் மரத்துப்போகிறது...

"எனக்கு அவளைப் பார்த்தாப் பாவமாத்தான் இருக்கு," கமீலா விடவில்லை. "எங்க வீட்டுக்காரரும் பேச மாட்டார், ஆனா நான் பேசவிட்டாத்தானே."

"அது உன் அதிர்ஷ்டம்," என்றாள் மதாம் ஸக்கியா.

"யாரோட அதிர்ஷ்டம், என்னோடதா, அவரோடதா?"

மதாம் ஸக்கியா சிரித்தாள், நிஜமாகவே சிரித்தாள், கழுத்து என் கைக்குள் குலுங்கியது. நானும் சிரித்தபடி போனை எடுத்துப் பார்த்தேன், கமெண்ட் இல்லை, துர்ஸாஃப். 'அக்கா, அந்தப் பதிவு யாரோடதுன்னு இப்பதான் பார்த்தேன். என் பெரியம்மா. உடனே அழிங்க. இல்லைன்னா இன்னிக்குக் கல்யாணத்துல பெரியப்பாகிட்ட நானே சொல்லிடுவேன்.' துர்ஸாஃபும் அட்மின், எனக்குத் தெரிவது அவளுக்கும் தெரியும், பரீட்சைத் தாள் திருத்துவதால் இந்த வாரம் உள்ளே வரமாட்டாள் என்று நான்தான் மெத்தனமாக இருந்துவிட்டேன், ஹாஜி முன்ஸெஃப் அவளுக்குப் பெரியப்பா என்பது எனக்கு எப்படி மறந்தது... "சாயம் ஊறட்டும் மதாம், இதோ வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய், துவாலை அடுக்குக்கு நடுவில் நின்றுகொண்டு கூப்பிட்டேன்.

"அழிக்க மாட்டேன்," என்றேன் எடுத்த எடுப்பில்.

"அக்கா, அது எங்க குடும்பம்."

"என் அக்கா விஷயம் வந்தப்ப அது எங்க குடும்பம்தான். வாயைத் திறந்து கேட்டோமில்ல?"

"அது நோவு. இது மானம். பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா இடிஞ்சுபோயிடுவார்."

"தெரியலைன்னா? நீ சொன்னாத்தானே தெரியும்."

பேசிக்கொண்டே மற்றொரு கையால், கடையின் டேப்லெட்டில், அவள் பெயரை அட்மின் இடத்திலிருந்து எடுத்துவிட்டேன், இத்தனை வருஷத் தோழி... "உன்னை எடுத்துட்டேன், துர்ஸாஃப்," என்று சொன்னேன், மறைக்கப் பிடிக்கவில்லை. "எடுத்துக்குங்க. நான் பார்த்ததை எப்படி எடுப்பீங்க?" என்றாள். அழுதாளோ? வைத்துவிட்டாள். சரியான கேள்வி. ஒருத்தி வாயைத் திறந்து கேட்ட கேள்விக்காக அவளைக் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தப்போகிறார்கள், அவளோ முன்னறையில் சாயம் ஊற உட்கார்ந்து கமீலாவிடம் வாதுமைப் பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும், இனி இந்த நாற்காலியில் உட்காருவாளா, உட்கார்ந்தாலும் என் கண்ணைக் கண்ணாடியில் பார்ப்பாளா... சொல்லாமல் விட்டால்? கண்ணைக் கட்டி அனுப்புகிற மாதிரி. அழித்துவிடலாமா, ஒரு தொடுதல், எல்லாம் போய்விடும், துர்ஸாஃப் அடங்கிவிடுவாள், கேள்வியும் கேட்கப்படாததாகிவிடும், மதாம் வீட்டில் இத்தனை வருஷம் நடந்ததும் அதுதானே? இல்லை. அழிக்க மாட்டேன். அவள் எழுதினாள், அவளே எடுக்கட்டும், எடுக்க வேண்டுமென்றால் அவளுக்குத் தெரிய வேண்டும்.

கழுவுகிற தொட்டியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள், குழாயைத் திறந்துவிட்டேன், பழுப்புத் தண்ணீர் ஓடியது, சூட்டுத் தொப்பியின் இரைச்சலில் கமீலாவுக்குக் கேட்காது, குனிந்தேன், அவள் நெற்றிக்கு வெகு பக்கத்தில் என் வாய், "மதாம், அந்த உம் யாசீன் நான்தான்," என்றேன். கண் திறக்கவில்லை. இமைகள் மட்டும் இறுகின. "பேர் எனக்குத் தெரியும். முதல் நாள்லேருந்தே தெரியும். யார்கிட்டயும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். ஆனா துர்ஸாஃபும் பார்த்துட்டா. ராத்திரி ஹாஜிகிட்டச் சொல்லப்போறேங்கறா. வேணும்னா இப்பவே எடுத்துடலாம், நீங்க எடுக்கச் சொன்னா எடுக்கறேன், நானா எடுக்க மாட்டேன்." தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கை போர்த்திய துணிக்கு அடியில் எதையோ தேடியது, நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. "தண்ணி கொஞ்சம் சூடா இருக்கு ரவ்தா," என்றாள். நான் குழாயைத் திருகித் தணித்தேன். என்ன எதிர்பார்த்தேன் நான், நன்றியையா, கண்ணீரையா? அவள் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தேன், கனமாக இருந்தது, இதுவரை எந்தத் தலையும் இவ்வளவு கனமாக இருந்ததில்லை என்று தோன்றியது.

உலர்த்தி, சுருட்டி, பின்னால் தூக்கிக் கட்டி, முத்துப் பின் குத்தி முடித்தபோது கல்யாண வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் குறையாத அழகோடு எழுந்து நின்றாள். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "நல்லாப் பண்ணியிருக்கே," என்றாள், வழக்கமாகச் சொல்வதுதான், ஆனால் வழக்கமாக என்னைப் பார்த்துச் சொல்ல மாட்டாள், கூந்தலைப் பார்த்துத்தான் சொல்வாள். வெளியே டாக்சி காத்திருந்தது. கதவுக்கு வெளியே நின்று போனை எடுத்து என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள், டாக்சிக்காரன் ஒலி எழுப்பினான், கையைக் காட்டி நிறுத்தினாள், தட்டி முடித்தபின்தான் ஏறினாள்.

பையில் போன் அதிர்ந்தது. அனுமதிக்குக் காத்திருக்கும் கமெண்ட். சொந்தப் பெயர், பேரனைத் தூக்கி வைத்திருக்கும் முகப்புப் படத்தோடு. 'இதை எழுதியது நான்தான், ஸக்கியா, ஹாஜி முன்ஸெஃப் மனைவி. இன்று கல்யாணத்தில் என்னைப் பார்ப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் பேச வேண்டாம், நேரில் வந்து கேட்கலாம். துர்ஸாஃப், நீ சிரமப்படாதே மகளே, அவரிடம் நானே சொல்கிறேன். இதைவிட்டால் அவர் என்னைக் கேள்வி கேட்க வேறு வழியில்லை.' இரண்டாம் தடவை படித்தேன். என் ஊர்ப் பெண், என் கையால் கட்டிய கொண்டையோடு போகிறவள், எவ்வளவு நிமிர்ந்து போகிறாள்! 'பெயர் சொல்லக் கூடாது' என்று விதி இருக்கிறதே, அடுத்தவள் பெயரைத்தானே, தன் பெயரைச் சொல்ல எவள் வருவாள் என்று நாங்கள் யோசித்தா எழுதினோம்... அழுத்த வேண்டியதுதான். ஆனால் கட்டைவிரல் போனின் மேல் அப்படியே நின்றது.

"என்னடி ரவ்தா, மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு, யாராவது செத்துட்டாங்களா?" கமீலா தொப்பியை விலக்கிக்கொண்டு கேட்டாள்.

"இல்ல மதாம், ஒண்ணுமில்ல."

அழுத்திவிட்டேன். கமீலாவின் மடியில் போன் உடனே சிணுங்கியது, எடுத்துப் பார்க்கிறாள், வாய் மெல்லத் திறக்கிறது, "யா ரப்பி..." என்கிறாள், இங்கேதானே உட்கார்ந்திருந்தா, இப்பத்தானே பாகு பதம் சொன்னா என்கிறாள்... நான் தரையில் கிடந்த மயிரைக் கூட்டத் தொடங்கினேன். எதற்காக நின்றது என் விரல்? அவளுக்காகப் பயந்துதான், வேறெதற்கு, ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்குமோ என்றுதான்... அப்படித்தானா? மூன்று நாளாக எதைப் பத்திரமாக வைத்திருந்தேன், அவள் பெயரையா, அது என்னிடம் இருக்கிறது என்பதையா?