வேண்டுமென்றே போட்ட தப்பு

பெல் ஸ்விட்சின் மேல் கணக்கு சாரின் முழங்கை பட்டது தற்செயல்தான். ஆபீஸ் அறைச் சுவரில் அத்தனை இடம் இருக்க, அங்கே போய் ஏன் சாய்ந்தார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மாடியில் புது டீச்சரின் மாதிரி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் பயிற்சியாளர் அம்மா நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வருஷா வருஷம் பாதிப் பேர் பெயிலாகும் அந்த நகரத்துப் பள்ளியைத் தூக்கி நிறுத்த அனுப்பப்பட்டவர். மாதக் கடைசியில் மற்ற ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாக ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் கணக்கு சார் ஆசைப்பட்ட ஒரே பதவி அது. புது டீச்சருக்கு சர்வீஸ் இரண்டு வருஷம். அவளும் கணக்குத்தான்.

பெல் பத்து நிமிஷம் முன்னதாகவே அலறியது. மன்னிப்புக் கேட்கிற முகத்தைத் தயார் செய்துகொண்டு மாடியேறியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. அவர் வகுப்பென்றால் பெல் அடித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் படிக்கட்டில் இருப்பார்கள். இங்கே எல்லோரும் கரும்பலகையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், மூணாவது வரி! மைனஸை விட்டுட்டீங்க!"

"அட, ஆமால்ல!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பயிற்சியாளர் பரபரவென்று எழுதினார். கணக்கு சாருக்கு வயிறு எரிந்தது. காலையில் சாப்பிட்டதன் மேல் பழிபோட அவருக்கே மனசு வரவில்லை.

"தப்புப் போடுறதுதான் இப்ப புது டெக்னிக்காம். நமக்கு வராதா அது?" என்று வீட்டில் மனைவியிடம் கேட்டார்.

"உங்களுக்கா? கைவந்த கலையாச்சே!"

மறுநாள் பயிற்சியாளர் அவர் வகுப்புக்கு வந்தார். கணக்கு சார் மூன்றாவது வரியில் மைனஸை நைசாக விழுங்கிவிட்டுக் காத்திருந்தார். நாற்பது தலைகள் குனிந்தன. நாற்பது பேனாக்கள் தப்பை அப்படியே அழகாக எழுதிக்கொண்டன. இருமிப் பார்த்தார். சாக்பீஸால் அந்த வரியைத் தட்டிப் பார்த்தார். முக்கியமான வரி போலிருக்கிறது என்று அதற்கு அடிக்கோடு போட்டுக்கொண்டார்கள். பயிற்சியாளரின் பேனா அசையவேயில்லை.

சாயங்காலம் ஆசிரியர் அறையில், திருத்த வேண்டிய தன் வகுப்பு நோட்டுக் குவியலுக்குப் பின்னாலிருந்து அவர் புது டீச்சரைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உனக்கு மட்டும் நல்ல பிள்ளைங்களாப் பொறுக்கிக் குடுத்துட்டாங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல சார்."

"அப்ப அந்த டெக்னிக்கை எங்க கத்துக்கிட்ட?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"மழுப்பாத. நானும் அதே தப்பைத்தான் போட்டேன். என் பசங்க ஒருத்தர் கண்ணுக்கும் அது ஏன் தெரியல?"

அவள் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தாள். மேலே கிடந்த நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். பென்சிலில், எறும்பு ஊர்வது மாதிரி, அதே கணக்கு. விடை சரியாக இருந்தது.

"நான் வேணும்னு போடல சார், நிஜமாவே தப்பாப் போட்டேன். உங்க பசங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிது. மத்தியானம் எங்கிட்ட வந்து கடைசிப் பக்கத்தைக் காட்டி எது சரின்னு கேட்டாங்க. உங்ககிட்ட சொல்லப் பயம் சார் அவங்களுக்கு."

கணக்கு சார் அடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அதில் எழுதி அழித்திருந்தார்கள். ரப்பர் தூள் அவர் மடியில் உதிர்ந்தது.