ஒத்தக்காதனின் கடைசிப் பக்கம்

அப்பாவுக்கு மூக்குக் கண்ணாடியைப் போட்டுவிடுவதா வேண்டாமா என்று பதிப்பாளர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, மகள் அதை எடுத்துத் துடைத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது என்பது பதிப்பாளரின் கவலை. பிள்ளைகளுக்காக எழுதிய நாற்பது புத்தகங்களின் பின்னட்டையிலும் அவர் அந்தக் கண்ணாடியோடுதான் சிரித்துக்கொண்டிருந்தார். மூடின கண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்று அம்மா கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை.

நூலகத்தின் பெரிய கூடத்தில் அலமாரிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் உடலைக் கிடத்தியிருந்தார்கள். பத்து மணிக்கே மூன்று பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து தரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு நிகழ்ச்சி. சொற்பொழிவெல்லாம் கிடையாது, மகள் ஒரு பக்கம் வாசிப்பாள், அவ்வளவுதான் என்று பதிப்பாளர் முடிவு செய்திருந்தார். எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த பக்கம்தான்.

ஒத்தக்காதன் கதையின் கடைசிப் பக்கம். ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்த நாய் அது. லாரியில் அடிபட்டுச் செத்துப்போகிறது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து அதனிடம் பேசுகிறாள். படித்த பிள்ளைகள் அழுதார்கள், படித்துக் காட்டிய பெரியவர்களும் அழுதார்கள். அந்தச் சிறுமி இந்த மகள்தான், நடந்த கதை என்று புத்தகத்திலேயே போட்டிருந்தது. எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் அப்பாவோடு ஊர் ஊராகப் போய், மைக் எட்டாமல் ஸ்டூல் மேல் ஏறி நின்று, அந்தப் பக்கத்தை இவள்தான் வாசித்தாள். இந்த நாற்பத்தொன்பது வயதிலும் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லுவாள்.

ஆனால் அவள் மனதில் பொத்தி வைத்திருந்தது அந்தப் பக்கத்தை அல்ல. நாய் செத்த பிறகு வந்த மூன்று நாட்களை. அப்பா எந்நேரமும் எழுதும் அறைக்குள் இருப்பவர். கதவைத் தட்டினால் 'அப்புறம்' என்பார். அந்த மூன்று நாளும் அவர் அறைப் பக்கமே போகவில்லை. வீட்டுக்குப் பின்னால், அவள் தூங்கி எழுவதற்குள் அவரே புதைத்து மூடியிருந்த மண்மேட்டின் அருகில் அவளோடேயே உட்கார்ந்திருந்தார். என்ன தோணுது, எங்கே வலிக்குது, கனவில் வந்துச்சா என்று பக்குவமாகக் கேட்டார். ஒரு வாய் ஊட்டியும் விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அவர் வர வேண்டிய இடத்துக்கு வராமல் இருந்தார். அவள் கல்யாணத்துக்கே பாதியில்தான் வந்தார். ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று நாளை நினைத்து அவரை மன்னித்தாள்.

பத்தரைக்கு ஓவியர் வந்தார். அப்பாவின் புத்தகங்களுக்கெல்லாம் படம் போட்டவர். எண்பதைத் தாண்டியாகிவிட்டது, தடியை ஊன்றி வந்து நாற்காலியில் விழுந்தார். மூச்சு அடங்கியதும் என்ன வாசிக்கப்போகிறாய் என்று கேட்டார். சொன்னாள். அவர் தலையை ஆட்டிச் சிரித்தார்.

"உங்கப்பாவுக்கு என்ன நெஞ்சழுத்தம், பாப்பா. நாயை என் வீட்டுல கட்டிப் போட்டுட்டு, அது சாவை உக்காந்து எழுதினார் பாரு."

படம் வரைவதற்கு வேறு நாய் வைத்திருந்தீர்களா மாமா என்று கேட்டாள்.

"வேற நாய் ஏது? உன் நாய்தான். ஒன்பது வருஷம் எங்க வீட்டுலதானே இருந்துச்சு." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்புறமா உங்கிட்ட சொல்லியிருப்பார்னுல்ல இத்தனை நாளா நெனச்சிட்டிருக்கேன்."

விட்ட வார்த்தையைத் திரும்ப அள்ள முடியாது. மிச்சத்தையும் சொன்னார். கதை பாதியில் நின்றுபோயிருந்ததாம். நாய் சாக வேண்டும். ஆனால் அந்தச் சிறுமி எப்படி அழுவாள் என்று அப்பாவுக்குப் பிடிபடவே இல்லையாம். பெரிய மனுஷி அழுகிற மாதிரியே வருகிறது என்று தாள் தாளாகக் கிழித்துப் போட்டாராம். ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக நாயைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து விட்டவர், பத்து நாளில் எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். பத்து நாளில் கதை முடிந்தது. நாயை எடுத்துப்போக யாரும் வரவில்லை.

"பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கிட்டு எந்தப் பொண்ணு போனாலும் கேட் வரைக்கும் ஓடும். அப்புறம் திரும்பி வந்து படுத்துக்கும்," என்றார்.

ஓவியரின் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். இவள் வளர்ந்த வீட்டிலிருந்து நடந்தால் இருபது நிமிஷம்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய்க் குனிந்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். என்னது என்று அம்மா கேட்கவில்லை. ஓவியர் இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"புத்தகம் முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடறேன்னுதான் சொன்னார். அதுக்குள்ள நீ மேடை மேடையா படிக்க ஆரம்பிச்சுட்ட. அப்புறம் நாய் வாசல்ல வந்து நின்னா ஊர் சிரிக்காதா?"

"நான் அழுதேனேம்மா."

"அழுத. பார்த்துட்டுதான் இருந்தேன்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். அவள் அப்பா தொட்டிலை ஆட்டியபடியே நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார். மடியில் அந்த நோட்டு இருந்ததை அவள் அன்றைக்கே பார்த்தாள். பாவம், அப்பாவுக்கும் துக்கம், எழுதி ஆற்றிக்கொள்கிறார் என்று நினைத்திருந்தாள். கேட்டதெல்லாம் கதைக்காகக் கேட்டது. ஊட்டியதும், அடுத்த பதிலைச் சொல்ல அவளுக்குத் தெம்பு வேண்டும் என்றுதானோ என்னவோ. அவளுக்கென்று இருந்தது அந்த மூன்று நாள் அப்பா ஒருவர்தான். அவரும் இல்லை என்று ஆகிவிட்டது. மாரடைப்பில் போனவருக்காக நேற்று முழுக்க அழுதவளுக்கு, இப்போது அழுகை வரவில்லை.

பதினோரு மணிக்குப் பதிப்பாளர் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில் விரித்து அவள் கையில் கொடுத்து, நிதானமாக வாசியுங்கள், பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்றார். மைக் முன்னால் போய் நின்றாள். பிள்ளைகள் ஏற்கெனவே மூக்கை உறிஞ்சத் தயாராக இருந்தார்கள். முதல் வரி நாக்கு நுனியில் இருந்தது. அவள் புத்தகத்தை மூடினாள்.

"இந்த நாய் சாகல," என்றாள்.

மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"எங்கப்பா உங்ககிட்ட சொன்னது பொய். எங்கிட்ட சொன்னதும் பொய். லாரி எதுவும் வரல. அது நல்லா இருந்துச்சு. அதோ அந்தத் தாத்தா வீட்டுல, ஒன்பது வருஷம்."

பதிப்பாளர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைகளுக்கோ செத்த நாய் பிழைத்துக்கொண்டது. ஒருவரை ஒருவர் இடித்துச் சிரித்தார்கள், பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். எல்லோரும் தடியோடு உட்கார்ந்திருந்த தாத்தாவைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் பல் விழுந்த சிறுமி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"அப்போ, அது வீட்டுக்குத் திரும்பி வந்துச்சா?"

"இல்ல," என்றாள். "யாரும் போய்க் கூப்பிடல."

சிறுமியின் தூக்கிய கை அப்படியே நின்றது. மைக் முன்னால் நின்றவளைப் பார்த்தாள். பிறகு முட்டி போட்டு எழும்பி, பூக்களுக்கு நடுவே கிடந்தவரை எட்டிப் பார்த்தாள்.