ரேடியோ நின்ற பிறகு

ஆராய்ச்சிக்காரி செருப்பைக் கழற்றும்போதே வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். போன முறை வந்தவன், என் மகளின் புத்தியை அளக்கிறேன் என்று மரக்கட்டைகளையும் ஸ்டாப்வாட்ச்சையும் மேசையில் பரப்பினான். கடைசியில், அவள் முன்னாலேயே, "இவங்களுக்கு இவ்வளவுதான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு பல நாள் அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அவளுக்குத் தலை நரைக்க ஆரம்பித்தும் எனக்கு அவள் பாப்பாதான். இன்னொரு தடவை அவளை அப்படிப் பார்க்க என்னால் ஆகாது.

"கட்டையெல்லாம் எங்க?"

"கட்டை இல்லைங்க ஐயா. அளக்க வரலை. அவங்களுக்கு உலகம் எப்படித் தெரியுதுன்னு அவங்ககிட்டயே கேக்கணும்."

"அவ சொல்றது நிஜமான்னு எப்படிக் கண்டுபிடிப்பே?"

"அவங்களுக்கு அது நிஜம். எனக்குப் புரிஞ்சது சரியான்னுதான் பாக்கணும். எழுதினதைப் படிச்சுக் காட்டுவேன். தப்புன்னா அடிச்சுடுவேன்."

படித்தவர்கள் எழுதியதை அடித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கூத்தையும்தான் பார்ப்போமே என்று உள்ளே விட்டேன்.

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று பாப்பாவிடம் கேட்டாள். பாப்பா மேசை விளிம்பைத் தடவினாள். அவளுக்குப் பதில் வர நேரமாகும். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்து எனக்குப் பழக்கமில்லை.

"பாட்டு," என்றேன். "எழுந்ததும் ரேடியோ போட்டாகணும்."

ஆராய்ச்சிக்காரி அதை எழுதிக்கொண்டு, பாப்பாவையே பார்த்துக் காத்திருந்தாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற என் பட்டறைக் கதையை எடுத்துவிட்டேன். நடுவில் பாப்பா சொன்னாள்:

"பாட்டு இல்ல. பாட்டு அப்பாக்கு."

"எனக்கா? உனக்காகத்தானேடி அந்த இரைச்சலைப் பொறுத்துக்கிட்டிருக்கேன்!"

"எனக்கு... நிறுத்தினதும் வருமே. அது."

ஆராய்ச்சிக்காரி மெதுவாகப் படித்தாள். "ரேடியோ நின்னதும் வர்ற அமைதி. சரிங்களா?"

"சரி. அப்பா சொன்னதை அடி."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோடு. என் 'பாட்டு' போயிற்று. பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பா, நீ வெளிய போ."

போகிற வழியில் கூடத்தில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினேன். படியில் உட்கார்ந்தேன். உள்ளே அடுத்த கேள்வி கேட்டது. பதில் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். பாப்பாவுக்குப் பதில் வர நேரமாகும். சமையலறைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுவது படி வரைக்கும் கேட்டது, பிறகு இன்னொன்று.