வளையமா, பசையா

அந்த உடுப்பைத் தனியாளாகப் போடவும் முடியாது, கழற்றவும் முடியாது. ஜிப் முதுகில், ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை ஓடியது. இழுத்துப் பூட்டவும் திறக்கவும் பின்னால் ஒருவர் நின்றாக வேண்டும். அதைத் தைத்த வெள்ளைக்காரனுக்குக் கலியாணம் ஆகியிருக்காது. ஆகியிருந்தால் ஜிப்பை முன்பக்கம் வைத்திருப்பான்.

நாறும்பூநாதன் குத்துக்கல்வலசை வீட்டு நடு அறையில் கழுத்திலிருந்து பாதம்வரை சிவப்பு ரப்பருக்குள் நின்றான். வெளியே ஆனிச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அவனுக்கு வேர்வை முழங்காலைத் தாண்டி இறங்கியது. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது என்றால் வேர்வை ஒரு சொட்டு வெளியே போகாது என்றும் அர்த்தம். இதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

அவன் கடலுக்கடியில் முங்கி இரும்பைப் பற்றவைக்கிறவன். பம்பாய்க் கம்பெனி அவனை நார்வேக் கடலுக்கு அனுப்ப இருந்தது. லீவில் ஊருக்கு வந்தவனைத் துரத்திக்கொண்டு இந்த உடுப்பும் மாதிரிக்காகப் பார்சலில் வந்துவிட்டது. போட்டுப் பார்த்து, கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரை அடைக்கிற ரப்பர் பட்டை எந்த வகை வேண்டும் என்று தந்தி அடிக்க வேண்டும். வளையமா, பசையா? ஒரே சொல் போதும்.

பசை என்றால் பட்டையை உடுப்போடு ஒட்டிவிடுவார்கள். கிழிந்தால் பழசைச் சுரண்டிப் புதுசை ஒட்டி, காயும்வரை காத்திருக்க வேண்டும். வளையம் அப்படியல்ல. பட்டை கிழிந்தால் வளையலைப் போலக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு அடுத்த முங்கலுக்குப் போய்விடலாம். தண்ணீர் புகாத உலர் கையுறையும் வளையத்தில்தான் பூட்டும். பசைக்காரனுக்கு ஈரக் கையுறைதான் விதி. அதற்குள் தண்ணீர் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி தாராளமாக வந்து போகும்.

வளையம் என்று அவன் முன்பே முடிவு செய்திருந்தான். காரணத்தை மட்டும் பெண்டாட்டி உலகம்மையிடம் சொல்லவில்லை.

பட்டைகளுக்கு அவளே முகப்பவுடரை அள்ளி அப்பி, தலையை நுழைக்க உதவி, ஜிப்பையும் இழுத்துவிட்டாள். "நில்லுங்க, காப்பி கொண்டாரேன்" என்று போனவள், டம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். கையுறைகள் இன்னும் கட்டிலில்தான் கிடந்தன. அவன் வெறுங்கையால் விளிம்பைப் பிடித்து வாங்கி, சாவகாசமாகக் குடித்தான்.

"சுடலையா?"

"நல்லாத்தானே இருக்கு."

"அடுப்புலயே வச்சிருந்த டம்ளரு. எனக்குத் தலைப்போட பிடிக்கவே பொறுக்கல. நீங்க பூவப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கிய."

நாறும்பூநாதன் டம்ளரைப் பார்த்தான். பிறகு தன் விரல்களைப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், செத்த விரலைப் பெண்டாட்டியிடம் மறைக்க முடியுமா?

"ஜிப்பத் திற, உலகு. மூச்சு முட்டுது."

"சொல்லுங்க, திறக்கேன்." அவள் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் கையைப் பின்னால் வளைத்துப் பார்த்தான். ஜிப்பின் நுனி ஒரு சாண் தள்ளி இருந்தது. கதவு வரைக்கும் நடந்தான். இந்தக் கோலத்தில் தெருவில் போய், 'முதுகைக் கொஞ்சம் திறந்துவிடுங்க' என்று யாரிடம் கேட்பது? திரும்பி வந்தான். நடுக்கடலில் ஒருமுறை கயிறு சுற்றிக்கொண்டபோதுகூட இப்படி மாட்டிக்கொண்டதாக அவனுக்குத் தோன்றியதில்லை.

வேறு வழியில்லாமல் சொன்னான். போன மார்கழியில் வடக்கே பனிமலைப் பக்கத்து அணையில் மதகு வேலை. ஈரக் கையுறை அடியிலேயே கிழிந்துவிட்டது. மேலே வந்தபோது வலது கையில் பெருவிரலோடு சேர்த்து மூன்று விரல்கள் வெளுத்திருந்தன. நிறம் திரும்பியது, உணர்ச்சி திரும்பவில்லை. நேற்று ஐந்தருவியில் நின்றபோதுகூட உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த மூன்றுக்கு மட்டும் சேதி போகவில்லை.

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவானா? உலர் கிளவுஸ் போட்டுட்டா கை கதகதன்னு இருக்கும். ஒருத்தனுக்கும் தெரியாது."

"அடியில ஒரே இருட்டு, அங்கன கண்ணு விரல்லதான் இருக்குன்னு நீங்கதானே சொன்னிய? குருட்டு விரல வச்சிக்கிட்டு எதத் தடவுவிய?"

அவன் கட்டிலில் கிடந்த கையுறைகளைப் பார்த்தான். அவளே மறுபடி கேட்டாள்.

"பசைன்னா, கிழிஞ்சா காயிறவரைக்கும் மேலேயே இருக்கலாம்லா?"

"ஆமா."

"வளையம்னா?"

"உடனே மாத்திட்டு எறங்கிரலாம்."

"அப்போ வளையம் உங்களுக்கில்ல, கம்பெனிக்கு."

அவனுக்குச் சுரீர் என்றது. பசை எழுதினால் கை போகும், வளையம் எழுதினால் ஓய்வு போகும். இரண்டும் வேண்டாம் என்று எழுதவும் முடியாது. தங்கை மாடத்தியை வாசுதேவநல்லூரில் பேசி முடித்திருந்தது. 'பொண்ணோட அண்ணன் சீமைக் கடல்ல முங்குறவன்' என்று சம்பந்தி ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டார். முங்காத அண்ணனின் தங்கையை அவர் எடுப்பாரா? இருதலைக் கொள்ளி எறும்புக்காவது உடம்பில் ரப்பர் இல்லை. அவனுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்கப் போனால் கை முகத்தில் பட்டது முகத்துக்குத்தான் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

உலகம்மை அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து ஜிப்பை முழுசாகத் திறந்தாள்.

"திறந்துட்டேன். இனி என்ன எழுதணும்னு நீங்களாச் சொன்னாச் சரி."

தலையை வெளியே எடுக்கக் குனிந்தான். கழுத்துப் பட்டை தோலை விட்டு வரவில்லை. பலாப்பழப் பால் மாதிரி ஒட்டிக்கொண்டு இழுபட்டது. அவள் இரண்டு கையாலும் விரித்தாள். சொத்தென்று கிழிந்து இரண்டாக வந்துவிட்டது. பவுடருக்கு அடியில் ரப்பர் கொழகொழவென்றிருந்தது. தேங்காயெண்ணெய் வாடை.

பார்சலைப் பிரித்த அன்றே அவன் தலைபாடாக அடித்துச் சொல்லியிருந்தான்: எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் இந்த ரப்பர் செத்துப்போகும். தலைக்கும் எண்ணெய், தாளிக்கவும் எண்ணெய், கதவு கிறீச்சிட்டால் அதற்கும் எண்ணெய் என்று இருக்கிற வீட்டில் வேறென்ன நடக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"ஏட்டி, எண்ணெய்க் கையோட தொட்டியா?"

"கையோட இல்ல, கிண்ணத்தோட."

அவன் கிழிந்த பட்டையைத் தூக்கிக் காட்டி, "இதுக்குத்தான் வளையங்கறது. பார்சல்லயே மாத்துப் பட்டை ஒரு செட்டு இருக்குல்லா" என்றான்.

"அதுக்கும் தடவிட்டேன்."

"உலகு, கம்பெனிக்காரன் வேற அனுப்புவான்."

"அனுப்புவான். ஒண்ணு போனா இன்னொண்ணு வச்சிருப்பான். உங்களுக்கு மாத்து எனக்கு எங்கன இருக்கு?" அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. "லீவுக்கு வந்த அன்னிக்கு ஆசையாக் கையப் பிடிச்சிய. என் வளையல் ரெண்டு நொறுங்கிச்சு. அப்பவும் நீங்க சிரிச்சுக்கிட்டே நின்னிய. நொறுங்கினது உங்களுக்குத் தெரியவே இல்ல. அன்னிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

பாதி உடுப்பு இடுப்பில் தொங்க அவன் நின்றான். வெளியே வர இப்போது ஒரு தடையும் இல்லை. ஆனாலும் காலை எடுக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

"மாடத்தி கலியாணம் நின்னுட்டா?"

"முதல்ல மாடத்திட்ட சொல்லுவோம். அவ அண்ணன் கைதானே? பொறவு வாசுதேவநல்லூருக்கு நாம ரெண்டு பேருமே போயிச் சொல்லுவோம். சம்மதம்னா எடுக்கட்டும், இல்லன்னா அவரே முங்கட்டும்."

மாடத்தி கேட்டுவிட்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாசுதேவநல்லூரைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

மறுநாள் வாசுதேவநல்லூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவனும் உலகம்மையும் தென்காசித் தந்தி ஆபீசுக்குப் போனார்கள். பேனா அவன் விரல்களுக்கிடையில் நழுவி நழுவிச் சாய்ந்தது. இடது கையால் முட்டுக்கொடுத்து இங்கிலீஷில் எழுதினான். வளையமும் எழுதவில்லை, பசையும் எழுதவில்லை. பிங்கர்ஸ் டெட், நாட் கமிங்.

கவுண்டரில் இருந்த மந்திரமூர்த்தி இத்தனை வருஷத்தில் எத்தனையோ சாவுத் தந்தி பார்த்தவர். கோணல் எழுத்தில் முதல் சொல் அவருக்குப் பிடிபடவில்லை, இரண்டாவது சொல் பிடிபட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "யாரு தவறிட்டா, தம்பி?" என்று கேட்டார்.

"மூணு விரலு, அண்ணாச்சி" என்றான் நாறும்பூநாதன். "ஆளு இருக்கேன்."