சுவரைப் பார்த்து நின்றவர்

முப்பத்தோரு வருஷமாக நாடகம் பார்த்துத் திட்டுவது என் வேலை. சோறு போட்ட வேலை வேறு. மில் ஆபீசில் பஞ்சு இருப்பு எழுதி ஓய்வு பெற்றேன். ஆனால் கோயமுத்தூரில் மேடையேறுகிற எவரைக் கேட்டாலும் வரதராஜுலுவைத் தெரியும் என்பார்கள். எனக்கு அவர்கள் வைத்த பேர் வேப்பெண்ணெய். உடம்புக்கு நல்லது, வாயில் வைக்க முடியாது.

ஒரு நாடகத்தில் நான் முதலில் பார்ப்பது உடை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி மேடையில் ராணி வேஷம் போட்ட பெண் கட்டியிருந்த ஊதாச் சேலைக்கு என்ன கரை என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். மஞ்சள். யோசித்து நாடகம் போட்டார்களா, இல்லை பீரோவைத் திறந்து கைக்குக் கிடைத்ததை உருவிக்கொண்டு வந்தார்களா என்பது சேலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் ஆட்கள் ஒளி சரியில்லை, மைக் சரியில்லை என்பார்கள். சேலைக்கு என்ன சாக்குச் சொல்வார்கள்? என் விமர்சனங்கள் எல்லாவற்றிலும் கடைசிப் பத்தி உடைக்குத்தான்.

என் மனைவி கோமளாவுக்கு வேறு அளவுகோல். எந்த நாடகத்துக்கு வந்தாலும் பிளாஸ்கில் காப்பி கொண்டுவருவாள். முதல் காட்சியிலேயே மூடியைத் திருகினால் நாடகம் தேறாது. பாதியில் திருகினால் சுமார். திருகாமலே வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆறிப்போன காப்பியைத் தொட்டியில் கொட்டினால் அதுதான் நாடகம். அத்தனை வருஷத்தில் நாலே தடவை கொட்டியிருக்கிறாள். நான் நாலு பக்கத்தில் சொல்வதை அவள் ஒரு மூடியில் சொல்லிவிடுவாள். எழுதியதைப் படித்துக் காட்டினால், "பாவமுங்க, ரொம்பத் திட்டாதீங்க" என்பாள். ஒரு வரியை அடிப்பேன். அவள் அடுக்களைக்குப் போனதும் மறுபடி எழுதிவிடுவேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டாள். மகன் சாய்கிருஷ்ணா கனடாவிலிருந்து வரவேண்டும் என்று ஒன்றரை நாள் கூடத்தில் ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். அந்த ஒன்றரை நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது வாசலில் கிடந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும். யார் வந்தார்கள், யார் போனார்கள், ஒன்றும் தெரியாது. அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். புருஷன் என்றால் அங்கேதானே உட்காருவான்.

நான் அழவில்லை. அது நிச்சயம், ஏனென்றால் ஊரே சொல்லிற்று. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாதவள் என் மகள் ஹர்ஷிணி. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கல்யாணமாகி வீடும் அங்கேயே. ஞாயிறுதோறும் சிங்காநல்லூரில் என் வீட்டுக்கு வந்து, ஒரு வாரத்துக்குக் குழம்பு வைத்து டப்பாக்களில் அடைத்து, மாத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். குறையே சொல்ல முடியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். டப்பாவைப் பார்த்துத்தான் பேசுவாள்.

எனக்கும் எதுவும் தோன்றவில்லை. அதுதான் உண்மை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. மூன்று நாடகம் போய்ப் பார்த்தேன். ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள், விளக்கு அணைந்தது. உடையைப் பார்த்தேன், நிறம் தெரிந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை. கோபம்கூட வரவில்லை. காரம் போன மிளகாய்ப்பொடியை எதற்கு வைத்துக்கொண்டிருப்பது?

பத்திரிகை ஆசிரியர் செங்கோட்டையனும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். "ஏனுங்ணா, மூணு இதழ் உங்க பக்கம் இல்லாமயே போயிருச்சுங்க. இந்தத் தடவையும் வரலீன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறனுங்க. தப்பா நெனைக்காதீங்க." நான் தப்பாக நினைக்கவில்லை. எதையுமே நினைக்கவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு, அந்தப் பக்கமும் போய்விட்டால் நான் யார் என்று ஒரு கணம் பயமாக இருந்தது. ஞாயிறு சாயங்காலம் பீளமேட்டில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நாடகம் இருந்தது. போவது என்று முடிவு செய்தேன்.

நாடகம் போட்டவர் சோமனூர் திருமலைசாமி. இருபது விசைத்தறி ஓட்டுகிறவர். தறிக் கொட்டகையிலேயே ஒத்திகை. "நடிப்பிலும் தறிச் சத்தம் கேட்கிறது" என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஒருமுறை அல்ல. அதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளாத மனிதர். வாசலில் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வாங்ணா. நீங்க வந்ததே போதுமுங்க. என்ன தோணுதோ அதை எழுதிப்போடுங்க."

ஹர்ஷிணியும் கூட வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. கையில் அவள் அம்மாவின் பிளாஸ்க்.

கதை இதுதான். ஒரு வீட்டில் மனைவி இறந்துகிடக்கிறாள். மேடையின் பின்பக்கம் நீளமாக ஒரு பெட்டி, மேலே வெள்ளைத் துணி. அதைச் சுற்றிப் பெண்கள் அழுகிறார்கள். புருஷனாக வந்த திருமலைசாமி மேடையின் முன்விளிம்புக்கு வந்து, எங்களைப் பார்த்து நின்று, வலது உள்ளங்கையை நெஞ்சு உயரத்தில் காற்றில் வைத்து அழுத்தினார். அங்கே ஒரு சுவர் இருக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார். யாராவது வந்து கூப்பிட்டால், "கையை எடுத்தாப் போயிரும்" என்றார். மூன்று தடவை சொன்னார். கடைசியில் ஒரு பெண் வந்து தன் கையை அவர் கைமேல் வைத்தாள். அவர் கையை உருவிக்கொண்டு, முதல் முறையாகப் பெட்டியின் பக்கம் திரும்பினார். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை. காது சூடாகிவிட்டது. என்ன நாடகம் இது, இப்படி ஒரு புருஷன் எந்த ஊரில் இருக்கிறான்? கோபம் வந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது; வேப்பெண்ணெய் செத்துவிடவில்லை. பக்கத்தில் ஹர்ஷிணி துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எழவுக் காட்சி போட்டால் பெண்கள் அழத்தான் செய்வார்கள், அது நாடகத்தின் சாமர்த்தியம் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே திருமலைசாமி வேஷத்தைக் கலைக்காமல் வந்து நின்றார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. "சாப்டீங்களாங்ணா?" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹர்ஷிணி காப்பியைத் தொட்டியில் கொட்டினாள். மூடி திருகப்படாமலே வந்திருந்தது. அவளுக்குக் காப்பியே அவ்வளவு பிடிக்காது. அதனால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"கண்ணு, சூட்டோடு எழுதிப்போடலாம். நான் சொல்றேன், நீ அடி" என்றேன். அவள் பிளாஸ்கைக் கழுவி டீப்பாய்மேல் கவிழ்த்துவிட்டு, கூடத்து மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். பழைய லேப்டாப். ஒயர் இல்லாவிட்டால் ஐந்து நிமிஷம் தாங்காது.

நான் நின்றுகொண்டே சொல்கிறவன். வார்த்தை வந்தது. தடையில்லாமல் வந்தது. "சுமங்கலியாகப் போனவளுக்கு வெறும் வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் அப்படி அனுப்புவார்கள்? அவள் கட்டியிருந்த சேலை என்ன என்று யோசிக்காதவர்களுக்கு அவள் யாரென்றும் தெரியாது."

ஹர்ஷிணியின் விரல்கள் நின்றன. பிறகு அடித்தாள்.

லேப்டாப் ஒருமுறை சிணுங்கியது. திரையில் வெளிச்சம் மங்கிற்று. பிளக் நழுவியிருக்கிறது. கூடத்தில் அந்த ஒரு பாயிண்டுதான், அதுவும் லூஸ். மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று கோமளா மூன்று வருஷம் சொன்னாள். எனக்கு நாடகம் இருந்தது. நான் போய்ப் பிளக்கை உள்ளே தள்ளி, அப்படியே உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு மேலே சொன்னேன்.

"மனைவி செத்துக்கிடக்கையில் ஒருவன் சுவரைப் பார்த்து நிற்பானா? தலைமாட்டில் உட்காராத புருஷன் உண்டா? எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கடைசிவரை சொல்லவேயில்லை. கடைசியில் திரும்புகிறார், உடனே விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அவர் எதைப் பார்த்தார் என்று காட்டத் துணிச்சல் இல்லை."

அடிக்கிற சத்தம் கேட்கவில்லை.

"அடிச்சியா, அம்மணி?"

"அப்பா."

"என்ன?"

"கையை எடுங்கப்பா."

"எடுத்தாப் போயிரும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

என் கை சுவரில் இருந்தது. வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு சின்ன விரிசல், அதற்குப் பக்கத்தில் எறும்பு ஊர்ந்த தடம். இந்த விரிசலை எனக்குத் தெரியும். ஒன்றரை நாள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃப்ரீசர் பெட்டியின் ஒயரை இந்தப் பாயிண்டில்தான் சொருகியிருந்தார்கள். அழுத்தினால் பின்னால் பெட்டி 'ம்' என்று ஓடும். கை கொஞ்சம் தளர்ந்தால் நின்றுவிடும். டேப் ஒட்டிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பக்கத்தில் ஒருவர் காப்பி டம்ளரோடு நின்று, "நான் புடிச்சுக்கறனுங்ணா, நீங்க போயி அக்கா மொகத்தைப் பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் அழுது ஓய்ந்து போனபிறகும் அவர் நின்றார். திருமலைசாமி. எடுத்தால் போய்விடும் என்று நான் அவருக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்.

"அன்னிக்கு நான் அம்மா தலைமாட்டுல உக்காந்திருந்தனுங்ப்பா" என்றாள் ஹர்ஷிணி. "அங்கிருந்து பார்த்தா உங்க முதுகுதான் தெரிஞ்சுது. பெட்டிக்குப் பொறகால ஒயர் போனது எனக்குத் தெரியாது. அம்மாவைப் பாக்கப் புடிக்காமத் திரும்பி நிக்கறீங்கன்னு நெனச்சேன். எட்டு மாசமா உங்க முதுகையே பாத்துட்டிருந்தேன். இன்னிக்கு மேடையில அவுரு நம்ம பக்கம் திரும்பி நின்னப்பதான் அந்தக் கை எனக்குத் தெரிஞ்சுது."

எழுந்து வந்து, தன் கையை என் கைமேல் வைத்தாள்.

"நான் புடிச்சுக்கறேன். நீங்க எடுங்க."

நாடகத்தில் அந்தப் பெண் செய்தபோது செயற்கையாக இருந்தது என்று சொல்ல வைத்திருந்தேன். கையை உருவினேன். உடனே வரவில்லை, விரல்கள் மரத்திருந்தன. திரும்பிப் பார்த்தேன். விளக்கு அணையவில்லை. பெட்டி இருந்த இடத்தில் டீப்பாய் இருந்தது. அதன்மேல் கவிழ்த்துவைத்த பிளாஸ்க், அடியில் சொட்டு நீர்.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். யாரோ ஒரு ராணியின் சேலைக் கரை நிறத்தை இருபத்தைந்து வருஷம் மனசில் வைத்திருக்கிறவனுக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"அம்மாவுக்கு அன்னிக்கு என்ன சேலை கட்டிவிட்டீங்க?" என்று கேட்டேன்.

ஹர்ஷிணி என்னைப் பார்த்தாள். டப்பாவை அல்ல, என்னை.

"அரக்குங்ப்பா. மாம்பழக் கரை. என் கல்யாணத்துக்கு எடுத்தது. கசங்கிருமுன்னு ஒரே ஒரு தடவைதான் கட்டினாங்க."

"தலைப்பு?"

"தலைப்புல சின்னச் சின்னதா மயிலுங்க."

நான் போய் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். அடித்ததையெல்லாம் எப்படி அழிப்பது என்று கேட்டேன், அங்கிருந்தே சொன்னாள். அழித்தேன். வழக்கமாகக் கடைசியில் வரும் உடைப் பத்தியை இந்தத் தடவை முதலில் வைக்கவேண்டும். நான் சொல்லச் சொல்ல அடிக்க ஆளில்லை. அவள் சுவரோரம் நின்று பிளக்கை அழுத்திக்கொண்டிருந்தாள். அதனால் நானே, ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தேன்: அரக்குச் சேலை, மாம்பழக் கரை, தலைப்பில் மயில்.