படகுப் படம்

டுவெய்ன் இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இத்தனை நாளில் ரோண்டா அதை ஒருவரிடமும் தன் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட நர்ஸ், அவன் மூச்சு நின்றதை அவளுக்கு முன்பே கவனித்துவிட்டாள். உறவுக்காரர்களுக்கெல்லாம் டுவெய்னின் அண்ணன் ஸ்காட் போன் செய்தான். அவள் பேருந்து ஓட்டும் பள்ளியில் பிரின்சிபல் காலையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார். முன்வரிசையில் உட்காரும் ஒரு சிறுமி மட்டும், "உங்க வீட்டுக்காரர் நெஜமாவே..." என்று ஆரம்பித்தாள். "பைய மடியில வெச்சுக்கோ, கதவு மூடுது" என்றாள் ரோண்டா. அக்கம்பக்கத்தார் அலுமினியத் தாள் போட்டு மூடிய மீன் நூடுல்ஸ் தட்டுகளோடு வந்தார்கள். தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். போயிட்டாரே என்றார்கள், இனி வலியில்லை என்றார்கள். தட்டுகளின் அடியில் யாருடையது என்று பெயர் ஒட்டியிருந்தது. ஃப்ரீசர் நிறைந்துவிட்டது.

ஒரே ஒருவனுக்கு மட்டும் அவள்தான் சொல்ல வேண்டும். "லைலுக்கு யார் சொல்றது?" என்று அன்று காலையிலேயே ஸ்காட் கேட்டபோது, "அத நான் சொல்றேன், விடு" என்று சொல்லியிருந்தாள்.

லைலும் டுவெய்னும் ஒஹாயோ ஆற்றங்கரையில் இதே தெருவில் எதிரெதிர் வீடுகளில் வளர்ந்தவர்கள். லைல் இப்போது அலாஸ்காவில் ஒரு சால்மன் மீன் பதப்படுத்தும் ஆலையில் சமையல்காரன். மே மாதம் போனால் ஆகஸ்ட் கடைசியில்தான் வருவான். அங்கே அவன் கைபேசி எடுக்காது. ஆலை அலுவலகத்தில் ஒரு போன் இருந்தது. அந்த எண் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கடியில் இருந்தது. ரோண்டா இரண்டு முறை அந்த எண்ணுக்கு அடித்தாள். ஒரு பெண் "ஹலோ, சொல்லுங்க" என்றதும் இரண்டு முறையும் வைத்துவிட்டாள். அடக்கம் முடிந்தது. கல்யாணத்தில் டுவெய்னுக்குப் பக்கத்தில் நின்று மோதிரத்தை எடுத்துக் கொடுத்தவன் இல்லாமலே முடிந்தது. எவ்வளவு நாள் தள்ளினாளோ அவ்வளவுக்கு அது சொல்ல முடியாத ஒன்றாகிக்கொண்டே வந்தது.

இன்று ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை. ஏழு மணிக்கு அவனே கூப்பிடுவான். படகுப் படம் பார்க்கிற நாள்.

படத்துக்கு வேறு பெயர் உண்டு. இந்த வீட்டில் அது படகுப் படம்தான். ஆற்றோர ஊர் ஒன்றில் நான்கு பையன்கள். அவர்கள் தெருவை இடித்துக் கார் விற்கிற மைதானம் கட்டப்போகிறான் ஒரு பணக்காரன். நூறு வருஷத்துக்கு முன் மூழ்கிய நாடகப் படகில் ஒரு சூதாடி ஒளித்துவைத்த பெட்டியைத் தேடி, பழைய ஐஸ் கிடங்குக்கு அடியிலிருக்கும் சுரங்கத்தில் சைக்கிள்களோடு இறங்குகிறார்கள். டுவெய்னுக்குப் பதின்மூன்று வயதில் தொலைக்காட்சியில் போட்டபோது டேப்பில் பதிவு செய்தான். லைலுக்காக, இரண்டு பிளேயர்களை ஒயரால் இணைத்து இன்னொரு பிரதி எடுத்தான். அதனால் இரண்டு டேப்பிலும் விளம்பரங்கள் அப்படியே இருந்தன, எப்போதோ மூடிப்போன கார்பெட் கடை உட்பட. தொலைக்காட்சிக்காரர்கள் கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டு வேறொருவர் குரலில் நல்ல வார்த்தைகளை ஒட்டியிருந்தார்கள். வில்லனின் மகன், முஷ்டியை மடக்கி, கழுத்து நரம்பு புடைக்க, திடீரென்று ஒரு தாத்தாவின் குரலில் "அடேய் பிஸ்கட் பயலே!" என்பான். கல்யாணமான புதிதில் ரோண்டா கடையில் அந்தப் படத்தின் சரியான பிரதியை வாங்கிவந்து பரிசளித்தாள். டுவெய்ன் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "இது வேற ஏதோ படம்" என்று அணைத்துவிட்டான். அவளுக்கு அப்போது கோபம் வந்தது. பிறகு ஒவ்வொரு ஜூனிலும் டுவெய்னும் லைலும் தொலைபேசியில், ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தி, இரண்டு ஊர்களில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். சுவர் வழியாகவே அவளுக்குப் படம் மனப்பாடமாகிவிட்டது. உட்கார்ந்து பார்த்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் டுவெய்னின் குரல்வளையை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் படம் நிற்கவில்லை. லைல் பேசுவான், டுவெய்ன் மோதிரம் போட்ட விரலால் ரிசீவரைத் தட்டுவான். ஒரு தட்டு, ஆமாம். இரண்டு, இல்லை. சிரிப்புக்குக் கடகடவென்று.

மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். சொல்ல வேண்டியதை மத்தியானத்திலிருந்து உதட்டுக்குள் உருட்டி வைத்திருந்தாள்.

"அடேய் பிஸ்கட் பயலே!" என்றான் லைல். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. "இந்த டிவியத் தூக்கிட்டு வர்றதுக்குள்ள முதுகு போச்சுடா. ஆபீஸ்ல டாலிக்கு ரெண்டு ஆப்பிள் பை சுட்டுக் குடுத்துதான் இந்த போன வாங்கிருக்கேன். எதுக்குத் தெரியுமா? ஒரு பேச்சும் பேசாத ஒருத்தன்கிட்ட ரெண்டு மணி நேரம் பேசறதுக்கு."

அவள் வாயைத் திறந்தாள். ரிசீவரை மறுகைக்கு மாற்றினாள். டுவெய்னின் மோதிரத்தை அவள் கட்டைவிரலில் போட்டிருந்தாள், மற்ற விரல்களில் அது நிற்கவில்லை. அது ரிசீவரில் பட்டு, ஒரு முறை, டக் என்றது.

"ஆங், இருக்கியா! எப்பிடிடா இருக்க? சரி, அதெல்லாம் அப்பறம். டேப்ப திருப்பிச் சுத்தி வெச்சிருக்கியா?"

டுவெய்ன் போன வருஷமே முடிந்த கையோடு சுற்றவிட்டு வைத்திருந்தான். எப்போதும் அப்படித்தான். டேப் பிளேயருக்குள்ளேயே இருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். லைல் மூன்று எண்ணினான். அவள் அழுத்தினாள்.

படத்தில் கோடை விடுமுறையின் முதல் நாள். எல்லா வீட்டு வாசல்களிலும் தண்ணீர் தெளிப்பான்கள் சுழன்றன. நான்கு பையன்கள் சைக்கிளில் இறக்கத்தில் வந்தார்கள். யாருடைய அம்மாவும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அவள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட சத்தங்களுக்கெல்லாம் இப்போது முகங்கள் வந்தன. குண்டுப் பையன் என்று அவள் நினைத்திருந்தவன் குண்டாகவே இல்லை. அவன் ஊதுகிற டியூபா வாத்தியம்தான் பெரிது.

"உனக்கு ஞாபகம் இருக்கா, நாமளும் அந்த ஐஸ் கெடங்கத் தேடிட்டுப் போயி சாக்கடைக்குள்ள எறங்குனோமே? எங்கம்மா உன்னையத்தான் அடிச்சாங்க. எனக்குப் பதிலா."

அவள் ஒரு தட்டு தட்டினாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியும்.

போனுக்குப் பின்னால் ஒரு இளைஞன் கத்தினான். "லைல், எங்க அம்மாவுக்கு போன் பண்ணணும்யா! நீ முடிக்கறதுக்குள்ள அவங்க கெழவியாயிடுவாங்க!"

"நாளைக்குக் காலைல உனக்கு முட்டை வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்பக் கதவச் சாத்திட்டுப் போ."

சுரங்கத்துக்குள் விளக்கு அணைந்தது. பெரிய பையன் எண்ணச் சொன்னான். இந்தப் படத்தில் எந்த ஆபத்துக்குப் பிறகும் அவர்கள் எண்ணிக்கொள்வார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பிறகு இருட்டிலிருந்து ஒரு குரல், "அஞ்சு" என்னும். சூதாடியின் கிளி. நூறு வயது. பையன்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள்.

"ஒண்ணு!" என்றான் லைல்.

அவள் இரண்டு தட்டு தட்டினாள். ரெண்டு சொல்வது எப்போதும் டுவெய்னின் முறை.

அப்படியே முக்கால் மணி நேரம் போனது. அவளுக்கே தெரியாமல் அவள் சிரித்தாள், சத்தம் வராமல். வில்லனின் மகன் தார் பீப்பாய்க்குள் விழுந்தான். தாத்தாவின் குரலில் பிஸ்கட் என்றான். டியூபா படியில் உருண்டு வந்து பணக்காரனின் காரின் மேல் விழுந்தது. அவள் மோதிரத்தால் கடகடவென்று தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே விரலை நிறுத்தினாள். டுவெய்ன் இந்த இடத்தில் டியூபா விழுந்த பிறகு சிரித்ததில்லை. அது படிக்கட்டின் உச்சியில் ஆடத் தொடங்கும்போதே சிரிப்பான். விழும்போது சிரிப்பு முடிந்து இருமிக்கொண்டிருப்பான். இருபது வருஷம் சுவர் வழியாக அவள் கேட்டது அந்த வரிசைதான்.

போனில் இயந்திரம் மட்டும் இரைந்தது. கார்பெட் கடை விளம்பரம் முழுவதும் ஓடியது.

பிறகு பேசினான். ஆனால் எதையும் கேட்கவில்லை. டாலியைப் பற்றிச் சொன்னான், மீன் வாடை தலையணைவரை வந்துவிட்டதைச் சொன்னான். அவள் தட்ட இடமே வைக்காமல் பேசினான்.

"அந்தப் பய கேக்கறான், நாப்பது வயசாச்சு, என்னய்யா இன்னும் இதப் பாக்கறீங்கன்னு. போடான்னுட்டேன். அப்பறம் உருளைக்கெழங்கு உரிச்சிட்டே யோசிச்சுப் பாத்தேன். பெட்டியில பணமே இருக்காதே, வெறும் சீட்டுக் கட்டுதானே. அப்ப அதுல வேற என்ன இருக்கு? எல்லாம் உள்ள போவாங்க, எல்லாம் வெளிய வருவாங்க. எண்ணிப் பாத்தா சரியா இருக்கும். அவ்ளோதான்." அங்கே ஒரு நாற்காலி இழுபட்டது. "நீ தட்ட வேணாம். சும்மா இரு."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லலாம். இப்போதும் அவளால் முடியவில்லை. இப்போது தட்டாமலிருப்பதும் பொய்யாக இருந்தது. பேசாமல் இருக்கும் இந்த வீட்டில், இந்த நாற்காலியில், லைலின் காதுக்குள் மட்டும் இன்னும் டுவெய்ன் உட்கார்ந்திருந்தான். அவனை அவள்தான் எழுப்பி அனுப்ப வேண்டும்.

திரையில் மூழ்கிய படகு தண்ணீரிலிருந்து மேலே வந்தது. பணக்காரன் நனைந்தான். தெரு தப்பியது. பையன்கள் ஒவ்வொருவராகக் கரையேறி, சேறு வழிய, வெயிலில் மல்லாந்து படுத்தார்கள். பெரிய பையன் கண்ணை மூடிக்கொண்டே எண்ணச் சொன்னான். அவர்கள் நான்கு வரை எண்ணினார்கள். கிளி அஞ்சு என்றது. இந்த முறை ஒருவரும் ஓடவில்லை.

லைல் எண்ணவில்லை. பெயர்கள் மேலே ஏறின, பாதியில் தொலைக்காட்சிக்காரர்கள் வெட்டினார்கள். அகலமான டை கட்டிய உள்ளூர் வானிலைக்காரர் வந்தார். டுவெய்ன் பதிவை நிறுத்த மறந்துபோனதால் இருபத்தேழு வருஷமாக அந்த டேப்பில் இருப்பவர். அவரையும் அவர்கள் கடைசிவரை பார்ப்பார்கள். மழை விலகிவிட்டது என்றார். நாளை நல்ல வெயில் என்றார். ஒரு கணம் கழித்து, அலாஸ்காவிலும் அவர் அதையே சொன்னார்.

"ஒண்ணு," என்றான் லைல். குரல் மெதுவாக இருந்தது.

அவள் கட்டைவிரலைத் தூக்கினாள். அப்படியே வைத்திருந்தாள்.

"ஒண்ணு," என்றான் மறுபடியும்.

"லைல்." நாள் முழுதும் பேசாதிருந்ததில் அவள் குரல் கரகரத்தது. "நான் ரோண்டா."

போயிட்டான் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"டுவெய்ன் செத்துட்டான்," என்றாள்.

டேப் முடிந்து, தானாகவே திருப்பிச் சுற்றத் தொடங்கியது. போனில், வெகு தொலைவில், விரலோ கரண்டியோ ஏதோ ஒன்று, ஒரே ஒரு முறை தட்டியது.